மிதிக்கும் இடம் பார்: ஹுவானெஸின் முதல் தனி ஆல்பம், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொலம்பியப் பாடகரும் பாடலாசிரியருமான ஹுவானெஸ் தன் முதல் தனி ஆல்பத்தை 2000 அக்டோபர் 17 அன்று வெளியிட்டார். பெயர் 'ஃபீஹாதே பியென்'. தமிழில் 'நல்லாப் பார்த்து நட' என்று சொல்லலாம். தயாரித்தவர் அர்ஜென்டினாவில் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸில் குடியேறிய குஸ்தாவோ சந்தாவோலாயா. இருவரும் உலகறிந்தவர்கள் என்பதால் பெயரை இங்கே சொல்லிவிட்டேன். இனிமேல் பாடகர், தயாரிப்பாளர் என்றே எழுதுகிறேன். பழைய குழுவில் கூட வாசித்தவர்கள், இசை நிறுவனத்தார், வானொலிக்காரர்கள், மிதிவெடியில் கால் இழந்த கிராமத்தார் என இந்தக் கதையில் வரும் மற்றவர்களுக்குப் பெயர் வேண்டாம்.

இந்த ஆல்பத்தை ஆய்வுக்கு எடுத்ததற்குக் காரணம் உண்டு. சொந்த நாட்டில் முதலிடம் பிடித்தது, வெளிநாட்டில் கிட்டத்தட்ட ஓசையில்லாமல் கிடந்தது, பிறகு அந்த ஆண்டின் பெரிய விருதுக்கு மற்ற எவரையும்விட அதிகப் பரிந்துரைகளைப் பெற்றது. ஒரே ஆல்பத்துக்கு ஒரே ஆண்டுக்குள் இந்த மூன்றும் நடந்தன. நல்ல ஆல்பம் தானாக மேலே வந்துவிடும் என்பவர்களும், விற்காதது நல்ல ஆல்பமே இல்லை என்பவர்களும் இந்தக் கதையைப் படிக்கலாம்.

பாடகர் 1972-இல் மெதெயீன் நகரில் பிறந்தார். அந்தியோக்கியா மாநிலத்தின் தலைநகரம் அது. ஏழு வயதில் அப்பாவும் அண்ணன்மாரும் கிட்டார் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் ஒலித்தவை டாங்கோ, கொலம்பிய நாட்டுப்புற வகைகளான வயெனாதோ, பம்பூக்கோ, அந்த மலைநாட்டுக் குடியானவர்கள் பாடும் குவாஸ்கா பாட்டுகள். டாங்கோ அர்ஜென்டினாவின் சொத்துதான். ஆனாலும் அதன் பெரிய பாடகர் கார்லோஸ் கர்தேல் 1935-இல் விமான விபத்தில் இறந்தது மெதெயீனில் என்பதால், அந்த ஊர்க்காரர்கள் அந்த இசையைத் தங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரியே வைத்திருக்கிறார்கள்.

பதின்ம வயதில் அவருக்கு ராக் பிடித்துப்போனது, அதிலும் கனத்த மெட்டல். 1988-இல் நண்பர்களோடு எகிமோசிஸ் என்ற குழுவைத் தொடங்கினார். அந்த நாட்களில் மெதெயீன் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு கணக்கு போதும். 1991-இல் லட்சம் பேருக்குச் சுமார் 380 பேர் கொலையானார்கள். போதைப்பொருள் கும்பலின் தலைவன் பாப்லோ எஸ்கோபார் 1993 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகும் ஊர் உடனே அடங்கிவிடவில்லை. சாயங்காலம் வெளியே போன பிள்ளை திரும்பி வருமா என்று தெரியாத ஊரில், வீட்டு அறைக்குள் பெருஞ்சத்தமாக கிட்டார் வாசித்த தலைமுறை இது. பாடகரின் எழுத்தில் பின்னால் வந்த இருட்டு இங்கேதான் தொடங்குகிறது.

குழுவை விட்டு வந்தது

எகிமோசிஸ் சுமார் பத்து வருடம் நடந்தது. மெட்டலில் தொடங்கி, மெல்ல மெல்ல மென்மையான ராக்குக்கு வந்து, கொலம்பியாவில் நல்ல பெயர் வாங்கியது. ஆனால் எல்லை தாண்டவில்லை. ஸ்பானிய மொழி ராக்கின் பெரிய சந்தைகள் மெக்சிகோவும் அர்ஜென்டினாவும். அங்கே கொலம்பியா என்றால் கும்பியாவும் வயெனாதோவும்தான், ராக் அல்ல.

1990களின் இறுதியில் பாடகர் குழுவை விட்டு லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனார். கையில் காசு அதிகம் இல்லை. பாட்டுகள் நிறைய இருந்தன. இதில் கவனிக்க வேண்டியது அவர் தேர்ந்த ஊர். லத்தீன் பாப் வியாபாரத்தின் தலைமையகம் மியாமி, பெரிய நிறுவனங்களின் லத்தீன் பிரிவுகள் அங்கே இருந்தன. பாடகராக மட்டும் வாய்ப்புத் தேடுபவர் மியாமிக்குத்தான் போவார். லாஸ் ஏஞ்சலிஸில் இருந்தது வேறு ஒரு வட்டம். மெக்சிகோ ராக் குழுக்கள் அங்கே வந்து பதிவு செய்தன, அந்தப் பதிவுகளின் மையத்தில் இருந்தவர் மேலே சொன்ன தயாரிப்பாளர். பாடகரின் மாதிரிப் பதிவு அவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் யுனிவர்சல் என்ற பெரிய இசை நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திவந்த சுர்கோ நிறுவனத்தில் ஒப்பந்தம் ஆனது.

தயாரிப்பாளரின் பழைய கணக்கையும் பார்க்க வேண்டும். 1970களில் அர்ஜென்டினாவில் ஆர்கோ ஈரிஸ் என்ற குழுவில் ராக்கையும் ஆண்டிஸ் மலைநாட்டு நாட்டுப்புற இசையையும் கலந்தவர் அவர். 1978-இல் அமெரிக்காவுக்கு வந்தார். பிறகு மெக்சிகோவின் மால்திதா வெசின்தாத், கஃபே தகூபா, மொலோதோவ் ஆகிய குழுக்களின் முக்கிய ஆல்பங்கள் அவர் கையில் உருவாயின. எல்லாவற்றிலும் அவர் கேட்டது ஒன்றுதான்: ஆங்கில ராக்கின் நகல் வேண்டாம், உன் ஊர் எங்கே?

பாட்டுகளில் கண்டது

ஆல்பத்தின் தலைப்புப் பாட்டை எடுத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் நிற்கிறது.

பாட்டு ஒரு குடியானவனிடம் பேசுகிறது. உன்னிடம் இருந்ததைப் பறித்துவிட்டார்கள், அன்றாடச் சோற்றைத் திருடிவிட்டார்கள், உன் நிலத்தை விட்டே துரத்திவிட்டார்கள், இது இதோடு முடிகிற மாதிரியும் தெரியவில்லை என்கிறது. பல்லவியில் குரல் மாறுகிறது. அன்பே என்று அழைத்து, நடக்கும்போது பார்த்து நட, காலடியில் மிதிவெடி இருக்கும், பாதத்தைச் சிதைத்துவிடும் என்று எச்சரிக்கிறது. காதலியிடம் சொல்லும் தொனியில் வெடியைப் பற்றிச் சொல்வதுதான் இந்தப் பாட்டின் வித்தை. முழக்கம் இல்லை, குற்றம் சாட்டுவதும் இல்லை. யார் புதைத்தது என்று பாட்டு கேட்கவே இல்லை.

கேட்காததற்கு நாட்டு நிலைமை காரணமாக இருந்திருக்கலாம். அந்த ஆண்டுகளில் கொலம்பியாவில் கெரில்லாக்கள், துணை ராணுவக் குழுக்கள், அரசுப் படை என்று மூன்று தரப்பு. ஒருவரைப் பெயர் சொல்லிப் பாடினால், பாட்டு மற்ற இருவரின் கொடியாகிவிடும். மிதிவெடியோ எல்லார் காலையும் ஒரே மாதிரி எடுக்கிறது.

அந்த வெடிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொலம்பியாவில் புதைக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஆலையில் செய்தவை அல்ல, கையால் செய்தவை. பிளாஸ்டிக் குழாய், தகரக் குவளை, கண்ணாடிப் புட்டி, ஊசி போடும் சிரிஞ்சு ஆகியவையே மூலப்பொருள். உலோகம் குறைவு என்பதால் கருவி வைத்துத் தேடினாலும் எளிதில் சிக்காது. ஊர் மக்கள் வைத்த பெயர் 'கியேப்ராபாத்தாஸ்', காலொடிப்பான். கொல்வது அதன் முதல் நோக்கம் இல்லை. ஒருவன் கால் போனால் அவனைத் தூக்கிச் செல்ல இன்னும் இருவர் வேண்டும், மொத்தப் படையும் நின்றுவிடும் என்பது கணக்கு. ஆனால் அந்தப் பாதையில் அடுத்த நாள் பால் எடுத்துக்கொண்டு போகிறவரும் பள்ளிக்குப் போகிற பிள்ளையும் அந்தக் கணக்கில் இல்லை. 1990 முதல் அங்கே பாதிக்கப்பட்டவர்கள் 12,000 பேருக்கு மேல். மாநிலங்களில் அதிகம் பாதிக்கப்பட்டது பாடகரின் அந்தியோக்கியா. மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகளுக்கு நடுவே வயலுக்கும் கிணற்றுக்கும் போய்வந்த வன்னி வாசகர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

பாட்டு வெளியான நேரத்தையும் குறித்துக்கொள்ளலாம். மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் கொலம்பியா 1997-இல் கையெழுத்திட்டு, 2000 செப்டம்பர் 6 அன்றுதான் முறைப்படி ஏற்றது. ஆறு வாரத்தில் ஆல்பம் கடைக்கு வந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று சொல்லவில்லை. ஆனால் நாட்டுக்குள் அந்தப் பேச்சு இருந்தது, பாட்டு அதற்குள் போய் விழுந்தது.

மற்ற பாட்டுகளில் காதல் முறிவு, தனிமை, ஊர் விட்டு வந்தவனின் குழப்பம் எல்லாம் உண்டு. ஒரு பாட்டு, காதலர்கள் ஒருவரை ஒருவர் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியது. இன்னொன்று 'ஒன்றுமில்லை' என்றே பெயர் கொண்டது. என் கணிப்பில் ஆல்பத்தின் பலவீனமும் இங்கேதான். தனித்தனியாகக் கேட்டால் எல்லாம் தரமான பாட்டுகள். வரிசையாகக் கேட்டால் வெளிச்சம் வர நேரமாகிறது, சில இடங்களில் வரவே இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு இசை பற்றியது. மெட்டல் குழுவிலிருந்து வந்தவர் தனியாக ஆல்பம் போட்டால் கிட்டார் சத்தத்தைக் கூட்டுவது வழக்கம். இங்கே குறைத்தார்கள். ராக் அடித்தளத்தின் மேல் ஊர்க் கிட்டாரின் பழக்கங்கள் திரும்பி வந்தன. சின்ன வயதில் அண்ணன்மாரோடு வாசித்த குவாஸ்காவை இருபத்தெட்டு வயதில், வேறொரு நாட்டில் இருந்துகொண்டு, கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ள இந்தத் தயாரிப்பாளரின் தூண்டுதல் உதவியது என்பதே என் எண்ணம். ராக் பாடுகிற நகரத்துப் பையன்கள் அப்போது அந்த இசையைச் சாராயக்கடைப் பாட்டாகத்தான் பார்த்தார்கள்.

இரண்டாவது, மொழி. லாஸ் ஏஞ்சலிஸில் இருந்துகொண்டே முழு ஆல்பத்தையும் ஸ்பானிய மொழியில் பாடினார். ரிக்கி மார்ட்டின் 1999-இல் ஆங்கிலத்தில் பாடி உலகச் சந்தையைப் பிடித்திருந்த நேரம் அது, லத்தீன் பாடகர் என்றால் அடுத்தது ஆங்கில ஆல்பம்தான் என்று எல்லோரும் எதிர்பார்த்த காலம். பாடகர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மூன்றாவது முடிவுதான் விவாதத்துக்கு உரியது. ஆல்பத்தின் பெயராகவும், வானொலிக்கு அனுப்பும் முதல் பாட்டாகவும் மிதிவெடிப் பாட்டையே வைத்தார்கள். புதுமுகத்தின் முதல் பாட்டு என்றால் காதல் பாட்டை அனுப்புவதே தொழில் வழக்கம், அதற்கு ஏற்ற பாட்டுகளும் ஆல்பத்தில் இருந்தன. அவை அடுத்தடுத்துத்தான் வந்தன. இவர் யார் என்ற கேள்விக்கு முதல் பாட்டே பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். குழுவின் பழைய பாடகர் தனியாக வந்திருக்கிறார் என்ற அறிமுகத்தைவிட, மிதிவெடியைப் பற்றிப் பாடிய கொலம்பியர் என்ற அறிமுகம் நெடுநாள் நிற்கும். அந்தக் கணக்கு பலித்தது, ஆனால் உடனே அல்ல.

வெளியான பின்

கொலம்பியாவில் ஆல்பம் பத்து வாரம் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் இருந்தது. பழைய குழுவின் ரசிகர்கள் இருந்தார்கள், விஷயம் எல்லோர் வீட்டு விஷயம்.

வெளியே கதை வேறு. அமெரிக்காவின் ஸ்பானிய வானொலிகள் அந்தக் காலத்தில் மெக்சிகோ வட்டார இசை, சல்சா முதலான வெப்பமண்டல இசை, மென்காதல் பாப் என்று பிரிந்து கிடந்தன. ராக்குக்கு என்று நின்ற நிலையங்கள் சொற்பம். இந்த ஆல்பம் எந்தப் பெட்டியிலும் உட்காரவில்லை. ராக் நிலையத்துக்கு மென்மை அதிகம், பாப் நிலையத்துக்கு இருட்டு அதிகம். அது போக, கொலம்பியனுக்கு உடனே உறைக்கிற சங்கதி மெக்சிகோ ரசிகனுக்கும் ஸ்பெயின் ரசிகனுக்கும் விளக்கம் கேட்கும். விளக்கம் கேட்கிற பாட்டை மூன்று நிமிட வானொலி இடைவெளி தாங்காது.

விற்பனை அசைந்து கொடுக்கவில்லை என்பதால் இசைத் துறைக்காரர்கள் கேட்கவில்லை என்று ஆகாது. அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அது அடுத்த ஆண்டு தெரிந்தது.

நடக்காத விழா

ஸ்பானிய, போர்த்துகீசிய மொழி இசைக்கான பெரிய விருது லத்தீன் கிராமி. 2001-ஆம் ஆண்டு அதற்கான பரிந்துரைப் பட்டியல் வந்தபோது, அதிகப் பரிந்துரைகள் பெற்றவர் இந்தப் பாடகர்: ஏழு. கொலம்பியாவுக்கு வெளியே பொதுமக்களுக்கு முகமே தெரியாத ஒருவர் பட்டியலின் உச்சியில் இருந்தார்.

அந்த விருதுக்கு அது இரண்டாவது ஆண்டுதான். முதல் விழா 2000 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்து, சிபிஎஸ் தொலைக்காட்சியில் நாடு முழுக்க ஒளிபரப்பானது. இரண்டாவதை மியாமியில் நடத்தத் திட்டமிட்டார்கள். கியூபாவிலிருந்து வெளியேறி அங்கே வாழ்வோர், கியூப இசைக்கலைஞர்களின் பங்கேற்பை எதிர்த்துப் போராட்டம் அறிவித்ததால், பாதுகாப்புக் காரணம் சொல்லி ஆகஸ்டில் விழாவை லாஸ் ஏஞ்சலிஸ் பகுதிக்கே மாற்றினார்கள். இங்கிள்வுட் நகரின் ஃபோரம் அரங்கம், செவ்வாய்க்கிழமை சாயங்காலம். தேதி 2001 செப்டம்பர் 11.

அன்று காலை நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் நடந்தது எல்லோருக்கும் தெரியும். விழா ரத்தானது. வேறு தேதிக்குத் தள்ளிவைக்கவும் இல்லை. விமானங்கள் நின்றுவிட்டதால், பல நாடுகளிலிருந்து வந்திருந்த கலைஞர்கள் அந்த நகரிலேயே மாட்டிக்கொண்டார்கள். முடிவுகளை அக்டோபர் 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் காங்கா ரூம் அரங்கில் செய்தியாளர் சந்திப்பு வைத்து அறிவித்தார்கள். பாடகருக்கு மூன்று விருதுகள்: சிறந்த புதுமுகம், சிறந்த ராக் தனிக்குரல் ஆல்பம், தலைப்புப் பாட்டுக்குச் சிறந்த ராக் பாடல். ஆண்டின் சிறந்த ஆல்பம் ஸ்பெயினின் அலெஹாந்த்ரோ சான்ஸுக்குப் போனது.

அவர் இழந்தது கோப்பைகளை அல்ல, மேடையை. அதிகப் பரிந்துரை பெற்ற புதுமுகத்தை நாடு முழுக்கப் பார்க்கும் ஒளிபரப்பு, ஓர் ஆல்பத்துக்கு இரண்டாவது உயிர் கொடுக்க வல்லது. அதே நேரம், அன்றைக்கு நடந்ததோடு ஒப்பிட்டால் ஒரு பாட்டுக்காரனின் மேடை என்ன பெரிய விஷயம் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்த ஆல்பம்

2002 மே மாதம் இரண்டாவது ஆல்பம் வந்தது, 'உன் தியா நோர்மால்' என்ற பெயரில். அதே பாடகர், அதே தயாரிப்பாளர். இதன் முதல் பாட்டு ஒரு பிரார்த்தனை. அம்மா சாகாமல் இருக்கட்டும், காதலி என்னோடு இருக்கட்டும், என் மக்கள் இவ்வளவு ரத்தம் சிந்தாமல் எழுந்து நிற்கட்டும் என்று கடவுளிடம் கேட்கிறது. லத்தீன் அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் அதைப் பாடாத வாய் இல்லை என்கிற அளவுக்குப் பரவியது. அமெரிக்காவின் லத்தீன் ஆல்பப் பட்டியலில் அந்த ஆல்பம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முதல் பத்துக்குள் இருந்தது. 2003 லத்தீன் கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் உட்பட ஐந்து விருதுகள்.

முதல் ஆல்பம் 'அரசியல்' என்பதால் ஓடவில்லை, இரண்டாவது 'ஜனரஞ்சகம்' என்பதால் ஓடியது என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இரண்டு முதல் பாட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ரத்தம் சிந்துவது அதே மக்கள்தான். மாறியது நடை. முதலாவது தலையைக் குனிந்து தரையைப் பார்க்க வைக்கிறது, இரண்டாவதற்குத் தாளம் போட முடிகிறது, கூட்டமாகப் பாட முடிகிறது. கொலம்பிய நிலவரம் தெரியாத ஒருவனும் அம்மா சாகக்கூடாது என்ற வரியில் நுழைந்துவிடலாம், உள்ளே வந்தபின் ரத்தத்தைச் சந்திக்கிறான். முதல் ஆல்பத்தில் வாசலிலேயே வெடி இருந்தது.

மொழி பற்றிய முடிவும் இதற்குப் பிறகுதான் கணக்குத் தீர்ந்தது. 2004-இல் வந்த மூன்றாவது ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டு, முழுக்க ஸ்பானிய மொழியில், 2005-இல் ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா பட்டியல்களில் முதலிடம் பிடித்தது.

பாட்டுக்கு வெளியே

மிதிவெடி விவகாரத்தைப் பாடகர் பாட்டோடு விட்டுவிடவில்லை. 2006-இல் மெதெயீனைத் தளமாகக் கொண்டு ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். மிதிவெடியால் பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவி அதன் தொடக்க வேலை. அதே ஆண்டு ஏப்ரலில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இதே விஷயத்தைப் பேசி, பாடியும் காட்டினார். கொலம்பியாவில் வெடி அகற்றவும் பாதிக்கப்பட்டோர் மறுவாழ்வுக்குமாக 25 லட்சம் யூரோ ஒதுக்கப்படும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது.

பாட்டு நாட்டை மாற்றியது என்று எழுதத் தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மிதிவெடியால் பாதிக்கப்பட்டவர்கள் மிக அதிகமாகப் பதிவானது அதே 2006-இல்தான், ஓராண்டில் 1,200 பேர் அளவுக்கு. பிறகுதான் எண்ணிக்கை இறங்கியது. ராணுவம் சாராத குழுக்கள் வெடி அகற்றும் வேலையை 2013-இல் தொடங்கியபோது, முதல் களமே அந்தியோக்கியாவின் நரீஞ்ஞோ ஊர்ப்புறம். ஃபார்க் கெரில்லாக்களோடு அமைதி ஒப்பந்தம் 2016-இல் ஆனது.

மாற்றியிருக்க வேண்டியவை

இசையில் கை வைக்க எதுவும் இல்லை. ஊர்க் கிட்டாரை உள்ளே கொண்டுவந்ததும், ஸ்பானியத்தில் நின்றதும் காலம் சரியென்று காட்டிய முடிவுகள். பாட்டு வரிசையை மட்டும் நான் மாற்றியிருப்பேன். கனத்த பாட்டுகளுக்கு நடுவே மூச்சுவிட ஓரிரு இடம் இருந்திருந்தால், முழு ஆல்பத்தையும் ஒரே உட்காரலில் கேட்பவர்கள் கூடியிருப்பார்கள்.

முதல் பாட்டைப் பொறுத்தவரை, நாட்டுக்கு நாடு வேறு திட்டம் வைத்திருக்கலாம். கொலம்பியாவில் மிதிவெடிப் பாட்டு முதலில் போனது சரி. மெக்சிகோவுக்கும் ஸ்பெயினுக்கும் காதல் முறிவுப் பாட்டை முதலில் அனுப்பி, ஆளைப் பழக்கிவிட்டு, பிறகு தலைப்புப் பாட்டைக் கொண்டுபோயிருக்கலாம். இதற்கு எதிர்வாதமும் உண்டு: அப்படிச் செய்திருந்தால் ஏழு பரிந்துரைகள் வந்திருக்குமா? நடுவர்கள் கவனித்தது அந்தத் துணிச்சலைத்தானே? அந்த வாதத்தை என்னால் முழுக்கத் தள்ள முடியவில்லை. விருதுக்கும் வானொலிக்கும் ஒரே பாட்டை முன்னிறுத்த வேண்டியதில்லை என்பது மட்டும் என் பதில்.

தலைப்புப் பாட்டை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது கூடவே செய்தியும் போயிருக்க வேண்டும். காலொடிப்பான் எப்படிச் செய்யப்படுகிறது, யார் மிதிக்கிறார்கள், எந்த ஊர், எத்தனை பேர் என்று இரண்டு பக்கம் எழுதி வானொலிக்காரர் கையில் கொடுத்திருந்தால், பாட்டைப் போடுவதற்கு முன் சொல்ல அவருக்கும் நாலு வார்த்தை இருந்திருக்கும். 2006-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பாடகர் செய்தது இதைத்தான்: முதலில் விஷயத்தைச் சொன்னார், பிறகு பாடினார். அதை 2000-லேயே செய்திருக்கலாம்.